ஒசாக்காவில் அக்கா தனியே நடந்தது

பதினொரு வயதில் வந்த காய்ச்சலோடு அக்காவுக்குக் கண்பார்வை போனது. அதன்பிறகு திருகோணமலையில் எங்கே போனாலும் என் முழங்கையைப் பிடித்தபடிதான் நடப்பார். உட்துறைமுக வீதியில் மூடியில்லாத வடிகான், மீன் ஏற்ற நிற்கும் லொறி, குறுக்கே திரும்பும் ஓட்டோ என்று நான் சொல்லச் சொல்லக் காலை வைப்பார். நாற்பது வருடமாக அப்படித்தான்.

எங்கள் தம்பிக்கு ஒசாக்காவில் கப்பல் கட்டும் வேலை. போன வருடம் எங்கள் இருவரையும் ஒரு மாதம் தங்க அழைத்தான். போய் இரண்டாம் நாள், அக்காவுக்கு ஒரு வெள்ளைப் பிரம்பு வாங்கிக் கொடுத்து, சுரங்க ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனான். இறங்க இறங்கப் படிகள் முடியவில்லை. அடியில் ஓர் ஊரே இருந்தது. கடைகள், சாப்பாட்டு வாசனை, ஒன்றோடொன்று முட்டாமல் விரையும் ஆயிரம் கால்கள். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நிலத்துக்குக் கீழ குருவி கத்துதே?"

எனக்கும் அப்போதுதான் கேட்டது. கண் தெரியாதவர்களுக்குப் படிக்கட்டு இருக்கும் இடத்தைக் காட்டத்தான் ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் வைத்திருக்கிறார்கள் என்றான் தம்பி. பிறகு அக்காவைத் தரையில் பதித்திருந்த மஞ்சள் கற்களின் மேல் நிறுத்தினான். காலுக்குப் புடைத்த கோடு தட்டுப்பட்டால் நடக்கலாம், புள்ளி தட்டுப்பட்டால் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். அக்கா மெல்லிய செருப்பால் அந்தக் கோடுகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் கையை விட்டார்.

"நான் நடந்து பாக்கிறன்."

இங்கே சனம் கூடுதல் என்றேன்.

"ஓம், கேக்குது. நீ பின்னால வா."

நடந்தார். முதலில் அரை அரை அடியாக, பிறகு சாதாரணமாக. எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஒரு பெண் கோட்டின் மேல் வைத்திருந்த தன் பெட்டியைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். புள்ளிகள் வந்த இடத்தில் அக்கா நின்று, பிரம்பால் தேடி, இடப்பக்கம் திரும்பினார். நான் இரண்டு கைகளையும் நீட்டியபடியே பின்னால் போனேன். பிடிக்க வேண்டி வரவேயில்லை. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

ரயில் மேடையின் ஓரத்துக்கு முன்னால் புள்ளிகளில் அவர் கால் நின்றது. ரயில் வந்த காற்றில் சேலைத் தலைப்பு பறந்தது. கதவு திறந்ததும் ஏறச் சொன்னான் தம்பி. அக்கா ஏறவில்லை.

"முதல் படியில இருந்து இன்னொருக்கா வாறன்."

அன்று மூன்று ரயில்களை விட்டோம்.