பாலமும் லாரியும் நாலு புள்ளி இரண்டு

தங்கை தன் வாழ்க்கையில் முட்டி மோதி வென்றவை இவை: ஏழாம் வகுப்பு ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு, ஓடியவர்கள் நான்கு பேர், அதில் ஒருத்தி பாதியில் விழுந்துவிட்டாள், பள்ளி இறுதித் தேர்வில் கணக்குக்கு முப்பத்தைந்து மதிப்பெண், முப்பத்துநாலு என்றால் தோல்வி, இரண்டு அண்ணன்களோடு சண்டை போட்டு ஜன்னலோரக் கட்டில், கடைசியாக, சரக்கு லாரி ஓட்டும் வேலை. சின்னப் பட்டியல்தான். ஆனால் எல்லாமே மயிரிழையில் கிடைத்தவை என்பதை அக்கா பெருமையாகவே சொல்வாள். தாராளமாக ஜெயிக்க எவராலும் முடியும் என்பது அவள் கட்சி.

தெருவில் தங்கைக்குப் பெயர் 'முக்கால்'. எதிலும் முழுசுக்கு ஒரு துளி குறைவாகவே நிற்பவள். லாரிக் கம்பெனி கேட்டதோ நூற்று அறுபது சென்டிமீட்டர் உயரம். அக்கா சீருடை தைக்கும் கூடத்தில் அளவெடுப்பவள். யார் சொன்ன அளவையும் நம்பாதவள். தங்கையைச் சுவரோடு நிறுத்தி, தலைமேல் சட்டத்தை வைத்துப் பென்சிலால் கோடிழுத்தாள். காலையில் எழுந்தவுடன் நூற்று ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு. நாள் முழுக்க நின்று களைத்த பிறகு மாலையில் புள்ளி மூன்று.

"காலையிலதான் உன்னைக் கூட்டிட்டுப் போகணும்," என்றாள் அக்கா. "அவங்க முழு சென்டிமீட்டராத்தான் எழுதுவாங்களாம். அம்பத்தொம்பதரைக்கு ஒரு துளி மேல இருந்தாலும் அறுபதுன்னு போட்டுடுவாங்க. கீழ இறங்கினா அம்பத்தொம்பதுதான்."

"அப்ப நான் காலையில டிரைவர், சாயங்காலம் சும்மாவா?"

"வாயிலயாவது அரை சென்டிமீட்டர் குறைச்சுக்கோடி."

தேர்வு நாளன்று எதிர்வீட்டுக்காரரின் வேனை இரவல் வாங்கி, பின்சீட்டில் தங்கையை நீட்டிப் படுக்க வைத்தே கம்பெனி வாசல்வரை கொண்டுபோனாள் அக்கா. காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பொண்ணுக்கு உடம்பு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கா. வளர்ந்துட்டிருக்கா."

டாக்டர் அளந்து நூற்று அறுபது என்று எழுதினார். படுத்தபடியே வந்து உயரம் தேற்றிய கதை கம்பெனி முழுக்கப் பரவியது.

பயிற்சி முடிந்து, சாலையில் ஓட்டிக்காட்டும் சோதனை வந்தது. அதில் தோற்றால் அடுத்த ஆள் எடுப்புவரை காத்திருக்க வேண்டும். மறுபடி உயரம் அளப்பார்கள். அதற்குள் முதுகெலும்பு என்ன முடிவு எடுக்குமோ யார் கண்டது? அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு, சோதனை வண்டி போகும் வழியில், ரயில் பாலத்துக்கு அருகே, பஸ்ஸே நிற்காத இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நின்றாள்.

லாரி வந்தது. கம்பெனி புதிதாக வாங்கிய லாரி. பாலத்துக்கு முன்னால் பொசுக்கென்று நின்றது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. திறந்திருந்த ஜன்னல் வழியே பயிற்சியாளரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா நின்னுட்ட?"

"பாலத்து போர்டுல உயரம் நாலு புள்ளி ரெண்டு மீட்டர்னு போட்டிருக்கு சார்."

"நம்ம வண்டி?"

"அதுவும் நாலு புள்ளி ரெண்டு."

"அப்புறம் என்ன? பழைய வண்டி தினமும் இந்த வழியாத்தான் போகுது. அதுவும் நாலு புள்ளி ரெண்டுதான்."

"அது நாலு பதினஞ்சா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவாங்க சார். இது நாலு இருபத்தினாலா இருந்தாலும் அதேதான். பாலம் எதுவோ, யாருக்குத் தெரியும்?"

"நீயே அரை சென்டிமீட்டர் தள்ளுபடியில உள்ள வந்தவ. நீ எனக்குக் கணக்குச் சொல்றியா?"

"அதனாலதான் சார் பயமா இருக்கு. நூத்தி அறுபதுன்னு என் பேர்ல ஒரு பேப்பர் இருக்கு. நான் நூத்தி அறுபது இல்லையே."

பயிற்சியாளர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். இருவரும் நீள டேப்பைப் பிடித்துப் பாலத்தையும் அளந்தார்கள், லாரியையும் அளந்தார்கள். பாலம் நாலு மீட்டர் இருபத்துநாலு சென்டிமீட்டர். லாரி இருபத்திரண்டு.

"பாத்தியா! போகும்னு சொன்னேன்ல?"

"போகும் சார். இப்பப் போகலாம்."

லாரி எறும்புபோல ஊர்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உரசும் சத்தம் எதுவும் வரவில்லை. மறுபக்கம் ஓரமாக நிறுத்திவிட்டு பயிற்சியாளர் மதிப்பெண் கூட்டினார். அக்காவும் நடந்து அங்கே வந்து, வராத பஸ்ஸுக்கு மறுபடி காத்திருந்தாள்.

"போக்குவரத்தை நிறுத்தினதுக்குக் குறைச்சாச்சு. அறுபத்தொம்பதரை வருது. பாஸுக்கு எழுபது வேணும்." பேனாவால் காதோரம் சொறிந்துகொண்டார். "முழு மார்க்காத்தான் எழுதணும். எழுபதுன்னு போட்டுடறேன்."

"சார், சரியா அறுபத்தொம்பதரைதானா? இல்ல, அதுக்குக் கொஞ்சம் கீழ…"

"வாயை மூடுடி!" என்று சாலையோரத்திலிருந்து ஒரு குரல் சீறியது.

பயிற்சியாளர் எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது?"

"பஸ்ஸுக்கு நிக்கறவங்க சார்."

"இங்க பஸ்ஸே நிக்காதே?"

"அவங்க வழக்கமா எல்லாத்தையும் அளந்து பாத்துட்டுத்தான் நம்புவாங்க சார்."

அவர் எழுபது என்றே எழுதினார். அந்த அறுபத்தொன்பதரை சரியாக அவ்வளவா, அதற்கு ஒரு துளி கீழா என்று அக்கா இன்றுவரை கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் அளந்து பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

பள்ளி மதிப்பெண் அட்டையிலிருந்து எல்லாவற்றிலும் தங்கைக்காகக் கையெழுத்துப் போட்டுவந்தவள் அக்காதான். வண்டி வெளியே எடுக்கும் தாளில், ஓட்டுநர் என்ற இடத்துக்கு நேராக, தங்கை தன் பெயரை முதன்முதலாகத் தானே கையெழுத்திட்டது 2009 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை.