எந்தக் கோட்டா என்று கேட்டவர்களுக்கு

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை. அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்துவிட்டேன். இப்போது மிச்சமிருப்பது கோபம்தான்.

அண்ணன் விவேக் நகரில், கோயிலுக்குப் பின்சந்தில் ஒற்றை அறை வீட்டில் பிறந்தார். அப்பா லேத் பட்டறைத் தொழிலாளி, அம்மா தையல்காரி. காலையில் மைதானம், பிறகு பி.யு.சி. கல்லூரி, மற்ற நேரமெல்லாம் அம்மாவின் தையல் மிஷின் சத்தத்தில் படிப்பு. கல்லூரிக் கால்பந்து அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். பந்து பட்டு உடைந்த இடது சுண்டுவிரல் கோணலாகவே கூடிவிட்டது. பின்னாளில் அறுவை சிகிச்சை நிபுணராகி, பேராசிரியராகியும், அந்த விரலைக் கையுறைக்குள் திணிக்க ஒவ்வொரு முறையும் அவர் முனகுவார்.

மருத்துவ சீட் கிடைத்த அன்றே பேச்சும் தொடங்கிவிட்டது. "பந்து புடிச்சே டாக்டர் சீட்டையும் புடிச்சிட்டான் பாரு, எல்லாம் ஸ்போர்ட்ஸ் கோட்டா" என்றார் சித்தப்பா. நரம்பில்லாத நாக்கு, எப்படியும் புரளும். அவருக்கே பித்தப்பையில் கல் வந்தபோது, "எங்க அண்ணன் மகன்தான் கத்தி வைக்கணும், வேற எவனும் தொடக்கூடாது" என்று வார்டில் அடம்பிடித்தார். அன்றைக்குக் கோட்டா ஞாபகம் வரவில்லையா, சித்தப்பா?

அடக்கத்தன்று பெட்டியருகே நின்று ஒரு சொந்தக்காரர் சொன்னார்: "கோட்டால வந்தவர்னு நம்பவே முடியாது மா, அப்படி ஒரு கை!" பாராட்டாம்! அவர் முகத்துக்கு நேரே கத்தாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அண்ணன் எந்த வழியில் சேர்ந்தார் என்பதைச் சொல்லும் கடிதம் அம்மாவின் பைபிளுக்குள் பத்திரமாக இருக்கிறது. கணையப் புற்றுநோயில் அவர் படுத்திருந்தபோது அதை எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணா, இதை எல்லாருக்கும் காட்டப்போறேன். ஒரேயடியா முடிஞ்சிடும்."

"வேணாம் பாப்பா."

"ஏன், வாயில கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லேன்!"

"ஆமான்னா இவங்களுக்குத் தீனி. இல்லன்னு சொன்னா, கோட்டால வர்றது கேவலம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. என் கிளாஸ்ல எத்தனை பசங்க அப்படி வந்து உக்காந்திருக்காங்க தெரியுமா? அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. நாற்பது வருடம் இத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாரே! இந்த மலருக்காக அந்தக் கடிதத்தை அச்சகம் வரைக்கும் கொண்டுபோனேன். கொடுக்க மனம் வரவில்லை. திரும்ப எடுத்து வந்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் காட்டமாட்டேன்.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும், செவிலியருக்கும், பங்குத்தந்தைக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சொந்தங்கள் நிழலில் நின்றுகொண்டிருந்தபோது, கல்லறை வரை அண்ணனின் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் அவருடைய மாணவர்கள் ஆறு பேர். அவர்கள் மெரிட்டில் வந்தவர்களா, கோட்டாவில் வந்தவர்களா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்குத் திருப்பலிக்கு அவர்களும் வந்திருக்கிறார்கள். நீங்களும் கேட்காதீர்கள்.