ஆறு சிவந்த படம்

நேற்று மதியம் சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். ஏழு மாத வயிறு. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டதால் போனில் ஏதோ பழைய படம் பார்த்தாளாம். உலகம் அழியப் போகிறது, பைபிளில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நடக்கிறது, நடுவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. "ஆறு ரத்தமா மாறுதும்மா. அதோட நிறுத்திட்டேன்."

எனக்கு முழங்கால் வலி, பேசவே அலுப்பு. ஆனாலும் அந்தப் படம் எனக்குத் தெரியும். சொல்லப்போனால் அவளும் பார்த்ததுதான், என் வயிற்றுக்குள் இருந்தபடி.

முதல் பிள்ளை எனக்குத் தங்கவில்லை. அசைவு நின்று, செத்தே பிறந்தது. அடுத்து இவள் உண்டானதும் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டோம். எங்கள் பக்கம் இதற்கெல்லாம் யாரும் மதம் பார்ப்பதில்லை. அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் தஞ்சாவூரில் ஒரு போஸ்டரைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், தலைக்குப் பின்னால் வெளிச்சம், பக்கத்தில் சர்ச். "மாதா படம் வந்திருக்கு, கெளம்பு" என்றார். மனிதருக்குப் படிக்கத் தெரியும். படித்தால்தானே.

பூதலூரில் ரயிலேறிப் போனோம். தியேட்டரில் பீடியும் மல்லிகையும் கலந்த வாசனை. முன்வரிசையில் ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். ஆக, ஏமாந்தது நாங்கள் மட்டுமில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் சுத்தத் தமிழில், "கடைசி அடையாளம் உன் வயிற்றில் இருக்கிறது" என்றார். அன்று காலையிலிருந்து என் பிள்ளை அசையவில்லை. சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

"போயிடலாமா?" என்றார் அவர். நான் வயிற்றில் கைவைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் திரையில் ஆறு சிவந்தது. நுரைத்துக்கொண்டு, கரை முட்ட, செக்கச்செவேலென்று வந்தது. பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தண்ணி தொறந்துட்டான்டோய்."

அந்த வருஷம் மேட்டூரைத் திறக்கவே இல்லை. குறுவை போய்விட்டது; சம்பாவுக்காவது வருமா என்று ஊரே காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதுத்தண்ணீர் எங்களுக்கு வண்டலை வாரிக்கொண்டு சிவப்பாகத்தான் வரும். கூட்டம் விசிலடித்தது, கைதட்டியது. அந்த அம்மாள் எழுந்து நின்று திரையைக் கும்பிட்டாள். என் வீட்டுக்காரரும் தன்னை மறந்து, "வண்டல் நல்லா இருக்கு" என்றார்.

நான் சிரித்தேன். வயிறு குலுங்க, அடக்கமாட்டாமல் சிரித்தேன். அந்தக் குலுக்கலில் உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"என்ன, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லீங்க. உதைக்குது."

மகளிடம் இதைச் சொல்லி முடித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ரத்தத்துக்கு எதுக்கும்மா கைதட்டுனாங்க?"

"ரத்தமில்லடி, புதுத்தண்ணி."

"தண்ணி எப்படிம்மா செவப்பா வரும்?"

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் ஹாஸ்டலில். அந்த வாய்க்காலுக்கு சிமெண்ட் பூசிவிட்டார்கள். தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. வண்டல் நல்லா இருக்கு என்றவரும் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார்.

பிறகுதான், "காலையிலேர்ந்து அசைவே இல்லம்மா" என்றாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போனாள். மெஷினை வைத்துத் துடிப்பைக் கேட்கவிட்டார்களாம், பிள்ளை நன்றாக இருக்கிறதாம். அவளைச் சிரிக்கவைக்கத்தான் அங்கே யாருமில்லை.