கோயில் கல்லில் மரவள்ளி இடித்தேன்

படித்தவர்கள் எழுதும் இந்தப் பக்கத்துக்கு நானும் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசக்கூட எனக்கு வராது. போன மாதம் நம் கெடா மாநிலத்தில் விடுமுறைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஜெராய் மலை, அங்கே விழும் அருவி, மெர்போக் ஆறு, கூடவே மலையடிவாரத்தில் இருக்கும் பழைய கோயில் கற்கள். அந்தக் கற்களில் ஒன்றில் மட்டும் குழி வட்டமாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றும் ஒரு வரி இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். அது என் கைவேலை.

ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம். செமிலிங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் மனைவியும் ஐந்து வயது மகளும் இருந்தோம். பால்வெட்டு நின்றுவிட்டது. மரங்களைச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். கிழங்கைச் சீவிக் காயவைத்து, இடித்து மாவாக்கி, புட்டு அவிப்போம். எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கும் ஒரே ஓர் உரல். அதற்கு வரிசை நிற்க வேண்டும். என் மனைவிக்கு வரிசை நிற்கும் பொறுமை கிடையாது. "நமக்குன்னு ஒரு உரல் கொண்டாங்க" என்று தினமும் ஒரு பாட்டு.

விறகு பொறுக்கப் போன இடத்தில்தான் அந்தக் கற்களைப் பார்த்தேன். சின்ன ஆற்றின் கரையில், புதருக்கு நடுவே, சதுரக் கருங்கற்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சதுரக் குழி. கோயிலுக்கு மரத்தூண் நிறுத்திய கற்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு என் கண்ணுக்கு அவை யாரோ பாதி கொத்திவிட்டுப் போன உரலாகத் தெரிந்தன. மறுவாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், ஓரத்தில் இருந்த கல்லைக் கயிறு போட்டுக் கட்டினேன். பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பில் மாட்டி, முன்னால் நானும் பின்னால் அவளுமாகத் தூக்கி வந்தோம்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "சதுரக் குழியில எந்த ஊருல தம்பி இடிக்கிறாங்க? உலக்கையையும் சதுரமா செதுக்கப் போறியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓர் உளியை இரவல் வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து குழியின் மூலைகளைக் கொத்தி வட்டமாக்கினேன். நல்ல உரலாகத்தான் அமைந்தது. கேலி செய்த அக்காவும் வந்து இடித்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். மகளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானமானால் பல் கிட்டித்து நடுங்குவாள். பிறகு உடம்பு அனலாகக் கொதிக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் கையை விரித்தார். "மலேரியாதான்யா. கொயினா மாத்திரை இருந்தா ஒரு வாரத்துல எழுந்திருச்சிரும். என்கிட்ட ஒண்ணுகூட இல்லியே." கள்ளச் சந்தையில் விற்கிறார்கள் என்றார்கள். அதை வாங்க எங்களிடம் ஒன்றும் இல்லை. நாலாவது தடவை காய்ச்சல் வந்தபோது மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அந்த அக்கா வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அது சாமி இருந்த எடத்துக் கல்லாம்டி. ஆத்துக்கு அந்தப் பக்கம் கம்பத்துல குடியிருக்கிற மலாய்க்காரங்ககூட அதைத் தொடமாட்டாங்களாம்."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "யாரைக் கேட்டுய்யா எடுத்தீங்க?"

"நீதானே பின்னாடி தூக்கிக்கிட்டு வந்தே?"

"நான் தூக்குனேன். குழியைக் கொத்துனது யாரு?"

நான் எழுந்து போய்க் கயிற்றைத் தேடி எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை மகளை அக்காவிடம் விட்டுவிட்டு, கல்லை மறுபடியும் காண்டாவில் கட்டினோம். ரோட்டில் போனால், போனவன் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிப்பவர்கள் கண்ணில் படலாம் என்று ரப்பர் மரங்களுக்குள்ளேயே நடந்தோம். வழியெல்லாம் அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டபோது, சாமியிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கற்கள் இருந்த இடத்தை அடைந்ததும் இரண்டு பேரும் சட்டென்று நின்றுவிட்டோம். கையில் பாராங் கத்தியோடு ஒரு மலாய்க்காரர் அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். நாங்கள் கல்லை அப்படியே இறக்கி வைத்தோம். அவர் வந்து குனிந்து, குழியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார்.

"யார் வேலை இது?" என்று மலாயில் கேட்டார்.

"நான்தான் பாங்" என்றேன். மலாயில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் வந்து அந்த இடத்தைத் தோண்டினாராம். இவர் அவரிடம் மண் சுமந்தவர். ஒவ்வொரு கல்லையும் கழுவி, வெள்ளைக்காரர் சொன்ன இடத்தில் வைத்தது இவர் கைதான். வெள்ளைக்காரர் போன பிறகும், யாரும் கேட்காமலே மாதம் ஒரு முறை வந்து புல் வெட்டுகிறார். ஒரு கல் குறைந்ததை இன்று வந்ததுமே கவனித்துவிட்டாராம். எதற்காக எடுத்தாய் என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. உலக்கை குத்துவதுபோல் கையை ஆட்டிக் காட்டினேன்.

அதற்குள் என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு மலாய் வராது. தமிழிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். மகள் உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினாள்; தோள்களைக் குறுக்கி நடுங்கிக் காட்டினாள்.

"டெமாம்?" என்றார் அவர். காய்ச்சலா என்று கேட்கிறார். நான் தலையாட்டினேன். இங்கேயே இரு என்று கையைக் காட்டிவிட்டு ஆற்றைக் கடந்து போனார்.

"போலீஸைக் கூப்பிடத்தான் போறாரு. வாங்க ஓடிரலாம்" என்றாள் மனைவி.

"கல்லு இன்னும் அது எடத்துல ஏறலியே."

அவள் ஆற்றைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜப்பான்காரன் காலத்தில் திருடன் என்று பிடிபட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் கல்லைப் பாதியில் விட்டுப் போனால் மகள் பிழைக்கமாட்டாள் என்று இரண்டு பேரும் நம்பினோம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் என் சட்டை நுனியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

அவர் தனியாகத்தான் திரும்பி வந்தார். கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. தோண்ட வந்தபோது ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தால் கொடுக்க வெள்ளைக்காரர் வைத்திருந்த கொயினா மாத்திரை, மிச்சத்தை இவரிடம் விட்டுப் போயிருந்தார். உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். பன்னிரண்டு. ஆறைப் புட்டியில் திரும்பப் போட்டார். ஆறை என் மனைவியின் முந்தானையில் வைத்து முடிந்துகொள்ளச் சொன்னார். வீட்டில் தமக்கு மூன்று பிள்ளைகள் என்று விரலைக் காட்டினார். பாதிதான் தர முடிகிறதே என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

சிறு பிள்ளை, பாதிப் பாதியாகக் காலையும் மாலையும் கொடுங்கள் என்றார். பிறகு மூன்று பேருமாகக் கல்லைத் தூக்கினோம். எந்தப் பக்கம் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னபடி திருப்பி வைத்தோம். கடைசிவரை அவர் என்னைத் திருடன் என்று சொல்லவே இல்லை. குழியைக் காட்டி, "உரல் நன்றாகத்தான் கொத்தியிருக்கிறாய், தம்பி" என்றார். அவர் சிரித்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

சண்டை முடிந்ததும் வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். வீடு காலியாக இருந்தது. யான் என்கிற ஊர்ப் பக்கம் குடிபோய்விட்டார்கள் என்றார்கள். பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

மகளைக் காப்பாற்றியது சாமிதான் என்று என் மனைவி இன்றும் சொல்வாள்; நான் எதிர்த்துப் பேசுவதில்லை. இப்போதும் அங்கே போனால், கல்லைப் பார்த்து ஒரு தடவையும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவையும் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

கல்லை வைத்துவிட்டு மாத்திரையோடு வந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது, தோட்டத்தில் வேலை இல்லை. காய்ச்சல் வர வேண்டிய அந்த மத்தியானம் மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.