ஓரத்தில் ஒரு பெயர்

டாலஸில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், இடைக்கால ஐரோப்பியக் கிறிஸ்தவக் கோவில் ஏடுகளுக்கு அட்டவணை போடுவது ஜெசிந்தாவின் வேலை. பக்கத்தின் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பின்னால் யாரோ சேர்த்த குறிப்பு அங்கே இருந்தால், 'பிற்காலத்து எழுத்து' என்று பென்சிலால் பதிந்துவைப்பாள்.

கத்தோலிக்கர் எங்கே கல்யாணம் கட்டினாலும், ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்குச் செய்தி போய், அவர்களுடைய பதிவின் ஓரத்தில் துணையின் பெயர் ஏறும். 1990இல், ஊரில் போர் நடந்தபோது, அகதி முகாமில் ஒரு சுவாமியார் அவளுக்கும் அன்ரனுக்கும் கல்யாணம் செய்துவைத்தார். இரண்டாம் வாரமே அன்ரன் காணாமற்போனான். சுவாமியாரும் இறந்துவிட்டார். கையில் சான்று எதுவும் இல்லாததால் இப்போது குடியிருக்கும் டாலஸ் புறநகரான காப்பெலில் அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த ஸ்டெல்லா ஆன்ரிதான் 1998இல் ஊர்க் கோவிலிலிருந்து ஞானஸ்நானப் பதிவின் நகலை எடுக்கச் சொன்னார். ஜெசிந்தா எழுதிக் கேட்டது அந்த ஓரத்தில் அன்ரனின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க. நகல் வந்தது. ஓரம் வெறுமையாக இருந்தது.

"பேப்பர் கிளீனா இருக்குப் பிள்ளை! ஃபாதரிட்டக் குடுத்து டேட் புக் பண்ணுவம். பிறகேன் முகத்தை உப்படி வச்சிருக்கிறாய்?"

"கிளீனாத்தான் இருக்கு ஆன்ரி."

ஆன்ரி போனபின் பென்சிலை எடுத்து ஓரத்தில் 'அன்ரன்' என்று எழுதினாள். இனி இந்த நகலை ஃபாதரிடம் கொடுக்க முடியாது. பிறகு, வேலைப் பழக்கத்தில், அதன் கீழே சிறிதாகக் குறித்தாள்: பிற்காலத்து எழுத்து.