இயேசு, மரி, அவுக

எங்கள் வீட்டில் அப்பாவின் பேரைச் சொல்லும் வேலை என்னுடையது. சிலிண்டர்காரர் வாசலில் நின்று வீட்டுக்காரர் பேரென்ன என்று கேட்பார். அம்மா உடனே உள்பக்கம் திரும்பி, "பாப்பா, இங்கன வா, அப்பா பேரக் கேக்குறாக, சொல்லு" என்று குரல் கொடுப்பாள். நான் எங்கே இருந்தாலும் ஓடிவந்து, "சூசைரெத்தினம்" என்று மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவேன். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஏதோ பெரிய உத்தியோகம் பார்ப்பதுபோல் எனக்கு அதில் பெருமை வேறு.

தங்கச்சிமடத்தில் அம்மா வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான் இருந்தார்கள். புருசன் பேரை வாய்விட்டுச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். கடலுக்குப் போகிறவரின் ஆயுசில் யார் விளையாடுவார்கள்? ஆனால் அம்மாவுக்கு மற்றவர்களைவிடக் கஷ்டம் கூடுதல். பரலோகக் குடும்பத்திலேயே ஒரு சூசை இருந்தார், இயேசுவை வளர்த்த தகப்பன். எங்கள் தெருவில் கால் தடுக்கினாலும், பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும், இடி இடித்தாலும் எல்லார் வாயிலும் வருவது "இயேசு மரி சூசையே" என்பதுதான். அம்மா மட்டும் "இயேசு மரி அவுகளே" என்பாள். எவ்வளவு பெரிய இடி இடித்தாலும் அந்த மூன்றாவது இடத்தில் கவனமாக இருப்பாள். அப்பா இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். "ஏ புள்ள, பரலோகத்துல எனக்கும் ஒரு எடம் போட்டுட்டியே, நல்லாருப்ப" என்பார். "சும்மா கெடங்க" என்பாள் அம்மா.

அந்த வருசம் கோடையில் மாமா லீவுக்கு வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. போகும்போது எங்களை மாதிரி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்தான், அங்கே ஏதோ ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்து வேறு ஆளாகத் திரும்பியிருந்தார். சுரூபங்கள், அதாவது சாமி சிலைகள், இருக்கிற கோயிலுக்குள் இனிக் கால் வைப்பதில்லை என்றார். கையில் கறுப்பு அட்டை போட்ட வேதப்புத்தகம். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் "ஆண்டவர்" என்று இருந்த இடத்திலெல்லாம் அதில் "யெகோவா" என்று இருந்தது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மாமா "யெகோவாவே" என்று ஆரம்பித்தால் குழம்பு ஆறித்தான் முடிப்பார்.

அம்மாவுக்குத் தம்பிமேல் உயிர். ஆனாலும் விடமாட்டாள். ஒருநாள் கொல்லையில் அரிவாள்மனையில் நகரை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, ஆண்டவர்ங்குறது பேரா? கலெக்டர்ங்குற மாதிரி அது பதவிக்கா. அவருக்குன்னு ஒரு பேரு இருக்கு. அவரே வாயத் தொறந்து சொன்ன பேரு. அதச் சொல்லிக் கூப்புடாட்டி அவருக்கு எப்படிக் கேக்கும்?"

"கலெக்டரப் பேர் சொல்லிக் கூப்புட்டுப் பாருலே, உள்ள விடுறானான்னு."

"உனக்குப் பயம்க்கா. சாமின்னாலும் பயம், மச்சான்னாலும் பயம். பிரியம் இருந்தா பேரு தானா வாயில வரும்."

அம்மா மீனை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "யாருக்குலே பயம்? பயமாம்ல பயம்! எந்திரிச்சுப் போயிரு, சொல்லிட்டேன்" என்றாள். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மாமா சிரித்துக்கொண்டே எழுந்து போனார். ராத்திரி வரைக்கும் அவருடன் அவள் பேசவில்லை, ஆனால் பெரிய மீன் அவர் தட்டில்தான் விழுந்தது.

இதற்கிடையில் கோயிலிலும் பேர்ப் பஞ்சாயத்து வந்துவிட்டது. நான் பாடகர் குழுவில் இருந்தேன். ஒரு பாட்டில் "யாவே" என்று வரும், மாமாவின் யெகோவாவையே அப்படியும் சொல்வார்கள், அதைக் கொஞ்சம் இழுத்துப் பாடினால் கோயில் முழுக்க நிற்கும், எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அந்தப் பேரைப் பூசையில் இனிப் பாட வேண்டாம், "ஆண்டவரே" என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் பங்குச் சாமியார். மேலே இருந்து சொல்லியிருக்கிறார்களாம். ரெண்டு எழுத்துக்குப் போட்ட மெட்டில் நாங்கள் "ஆண்டவரே"யை அமுக்கித் திணித்தோம், ஆர்மோனியம் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் போனோம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் அதற்கு விளக்கமும் சொன்னார். பழைய காலத்து யூத ஜனங்கள் வேதத்தில் அந்தப் பேர் வருகிற இடத்தில் வாயால் அதை வாசிக்கமாட்டார்களாம், ஆண்டவர் என்றுதான் வாசிப்பார்களாம். அவ்வளவு மரியாதை.

அம்மா முகத்தைப் பார்க்கவேண்டுமே! பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போனாள். மாமா எங்களைக் கூட்டிப்போக வேப்பமரத்தடியில் காத்திருந்தார்.

"கேட்டியாலே? அந்தக் காலத்துலயே பேர் சொல்லமாட்டாகளாம். நான் பண்றதத்தான் பண்ணியிருக்காக" என்றாள்.

"அது பழைய காலம்க்கா" என்று மாமா ஆரம்பித்தார்.

"நானும் பழைய ஆளுதான், வா வீட்டுக்கு."

எனக்கு யார் சொல்வது சரி என்றே தெரியவில்லை. அதனால் படுக்கும்போது "ஆண்டவரே", "யெகோவாவே" என்று இரண்டையும் சொல்லி ஜெபித்துவிட்டுத் தூங்கினேன்.

அந்த வாரமே அப்பாவின் படகு திரும்பவில்லை.

எங்களுடையது நாட்டுப்படகு. அப்பாவும் கூட்டாளிகளும் சாயங்காலம் போனால் விடிந்து வந்துவிடுவார்கள். அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், அப்பா படகை மட்டும் காணோம். சோழகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வரும் காற்று, எங்கள் கரையிலிருந்து படகை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். எஞ்சின் நின்றிருந்தால் காற்று எங்கே கொண்டுபோயிருக்குமோ என்று ஆளாளுக்குப் பேசினார்கள். செல்போனில் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் இங்கிலீசிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். தேடுவதற்குப் படகுகள் போயின, வெறுமனே திரும்பி வந்தன, மறுபடியும் போயின. மாமா கரை மணலில் முழங்கால் போட்டு, அவர் தெய்வத்தைப் பேர் சொல்லி, ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார். யாரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லை. அம்மா அழக்கூட இல்லை. எனக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் கடலைப் பார்த்தபடி நின்றாள்.

மறுநாளும் தகவல் இல்லை. மத்தியானம் கோயிலில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஜெபம் வைத்தார். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து முழந்தாள் போட்டார்கள். மாமா வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். கரை சேர வேண்டியவர்களின் பேர்களைச் சொல்லி மன்றாடுவோம் என்றார் உபதேசியார். கூட்டாளிகள் பேரை அவரவர் தாய்மார்கள் சொன்னார்கள். எங்கள் முறை வந்ததும் அம்மா வழக்கம்போல என் முதுகில் தட்டினாள். நான் சொன்னேன். அன்றைக்கு ஒப்பிப்பதுபோல வரவில்லை, பாதியில் நின்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். "ஆண்டவரே, அவரைக் கரை சேர்த்தருளும்" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

ஜெபம் முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. கோயிலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பசித்தது, பசிக்கிறது என்று சொல்லப் பயமாக இருந்தது.

அப்போது அம்மா, "சூசைரெத்தினம்" என்றாள்.

யாரோ சொன்னார்கள் என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயிலிருந்து அந்தப் பேரை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. குரலே வேறு மாதிரி இருந்தது. மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை சத்தம் கூடிவிட்டது, கரையில் நின்று படகுக்குக் குரல் கொடுப்பதுபோலப் பீடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சூசைரெத்தினம்! சூசைரெத்தினம்! வந்துருங்க."

கடலில் ஏற்கெனவே அப்பாவுக்கு என்ன ஆச்சென்று தெரியவில்லை, இவள் வேறு பேரைச் சொல்லிச் சொல்லி இருக்கிற ஆயுசையும் குறைக்கிறாளே! பாய்ந்து போய் அவள் வாயை என் இரண்டு கையாலும் பொத்தினேன். "சொல்லாதம்மா, வேணாம்மா, அப்பா செத்துரும்மா" என்று கத்தினேன். அவள் என் கைகளை விலக்கித் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். கண்ணீர் என் கைமேல் சொட்டியது.

வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. மாமா உள்ளே வந்தார். சுரூபங்கள் பக்கம் பார்க்காமல் நேரே வந்து அக்காவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார்.

"மாமா, நீயாச்சும் சொல்லு மாமா, அம்மாவ நிறுத்தச் சொல்லு."

"விடு பாப்பா. கூப்புடட்டும்" என்றார்.

பிறகு அவரும் கையைக் கூப்பிக்கொண்டார். இப்போது யெகோவாவே என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "மச்சான்... மச்சான்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு இன்னும் கவலையாகிவிட்டது. இவ்வளவு நாள் சண்டை போட்ட இரண்டு பேரும் கடவுளை ஒரு பேரும் சொல்லிக் கூப்பிடவில்லையே, இந்த ஜெபம் யாரிடம் போய்ச் சேரும் என்று யோசித்தேன். யாராவது ஒருத்தர் முறையாகச் சொல்லவேண்டுமே என்று நானே மனசுக்குள் "யாவே, ஆண்டவரே, யெகோவாவே" என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவைத்தேன்.

வெயில் இறங்குகிற நேரத்தில் மாமாவின் செல்போன் அடித்தது. தெரியாத நம்பர். வடக்குக் கரையில் இருக்கும் ஜெகதாப்பட்டினத்திலிருந்து அப்பா யாரோ ஒருவருடைய போனில் பேசினார். எஞ்சின் பழுதாகி, காற்று இழுத்துப்போன இடத்தில் அந்த ஊர்க்காரர்கள் பார்த்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்த்திருக்கிறார்கள். மாமா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் போனை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள். அவ்வளவு கூப்பிட்டவளுக்கு இப்போது சத்தமே வரவில்லை. அந்தப் பக்கம் அப்பா "அலோ, அலோ" என்பது எனக்கே கேட்டது.

கடைசியில், "இந்தாங்க... சாப்டீகளா?" என்று கேட்டாள்.

அப்பா பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது தெருவே எங்கள் வாசலில் இருந்தது. முனையில் அவர் தலை தெரிந்ததும் நான் ஓடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப் போனாள். குனிந்து என் காதில், "பாப்பா, நான் கோயில்ல கூப்புட்டத அப்பாகிட்டச் சொல்லிறாத. மாமாகிட்டயும் சொல்லியிருக்கேன். என்ன?" என்றாள். முகமெல்லாம் சிவந்து, பார்வை என்னிடம் நிற்காமல் வாசலுக்கும் தரைக்கும் போய்ப் போய் வந்தது. நான் அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

அன்றைக்கு எனக்கு மாமா சொன்னதுதான் சரி என்று தோன்றியது. அம்மாவுக்குப் பயம்தான். சாமியிடமும் பயம், அப்பாவிடமும் பயம். பேரைச் சொல்லிவிட்டோமே, தெரிந்தால் அப்பா திட்டுவாரே என்று நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவம் அம்மா. அப்பா கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினாள். அவர் ஏதாவது கேட்டால் காப்பாற்றலாம் என்று நான் அவள் முந்தானையைப் பிடித்தபடியே நின்றேன். பன்னிரண்டு வருசம் கூடவே குடித்தனம் பண்ணின புருசன் முன்னால் ஒரு பெண்ணுக்கு அப்படி வெட்கம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.