ஐந்தாவது புருன்வார்ட்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவன் எவனாக இருந்தாலும் தமிழனாக இருந்திருக்க முடியாது. வளைகுடாவில், சோஹார் என்ற ஊரில் இருபத்தேழு வருடமாக டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். விசா, பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் என்று எல்லாப் படிவமும் என் விரல் வழியாகத்தான் போகும். பட்டான் வந்தால் அந்தக் கட்டம் ஒரு நொடியில் நிரம்பிவிடும். குஜராத்திக்காரன் கேட்கும் முன்பே சொல்லிவிடுவான். நம்ம ஆள் வந்தால் மட்டும், "குடும்பப் பேரா? அதெல்லாம் எங்களுக்குக் கெடையாதே பாய்" என்று தலையைச் சொறிவான். கடைசியில் அப்பன் பெயரைத் தூக்கி அதில் போடுவோம். என் கதையும் அதேதான். என் பெயர் கலீலுர் ரஹ்மான், சொந்த ஊர் காயல்பட்டினம். வங்கியில் "மிஸ்டர் மஹ்மூது" என்று கூப்பிட்டால், வாப்பா எப்போது சோஹாருக்கு வந்தார் என்று இன்றைக்கும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்தக் கட்டத்தின் மேல் எனக்கிருந்த கோபத்தை ஒரே மத்தியானத்தில் ஆற வைத்தவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் அம்மையப்பன்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். இங்கே கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை ஒன்றில் பதினோரு வருடமாக பம்ப் ஆபரேட்டர். விடிந்ததும் ஆலை வாசலில் தண்ணீர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கு வால்வைத் திறந்துவிடுவது இவன் வேலை. "அம்மா பாய், ஜல்தி, ஜல்தி!" என்று பட்டான் டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அம்மையப்பன் என்று முழுதாகச் சொல்ல அவர்களுக்குப் பொறுமை இல்லை. இவன் அசைய மாட்டான். வருகிற முதல் தண்ணீரில் ஒரு கை அள்ளி, வாயில் விட்டு, கண்ணை மூடி, விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான், "யல்லா, புடிங்கப்பா" என்பான். ஆலையில் மீட்டர் இருக்கிறது, லேப் இருக்கிறது, படித்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். போதாதென்று இவன் நாக்கு வேறு.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "அப்பா நல்லா இருக்காகளா?" பட்டானிடமும் அதுதான், வங்காளியிடமும் அதுதான். அப்பா இல்லாதவனிடம் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெள்ளை மனசுக்காரன், ஓட்டை வாய்.

அந்த ஆலையின் பெரிய இன்ஜினியர் ஒரு ஜெர்மன்காரர். ஆறரை அடி உயரம், சிரிப்பே காணாத முகம். விசிட்டிங் கார்டில் 'ஜே. புருன்வார்ட்' என்று இருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் பெரிய பம்ப் ஒன்று எரிந்து போனது. அம்மையப்பன் தூங்கிவிட்டான் என்று மேலே யாரோ எழுதிவிட்டார்கள். விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இந்த மனிதர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானே தரையில் உட்கார்ந்து பம்பைப் பிரித்தார். உடைந்த பேரிங்கை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்து, "இதுதான் தூங்கியது. அவன் இல்லை" என்றாராம். அம்மையப்பன் வேலை நிலைத்தது. பிறகு சந்தியாவையும் அழைத்து வந்தான். அவன் மனைவி, இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். பரமக்குடிப் பெண், அவனைவிட நாலு மடங்கு விவரம்.

போன மார்கழியில் அவர்களுக்கு ஆண்குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அம்மையப்பன் என் கடைக்குள் லட்டு டப்பாவோடு நுழைந்து, ஜெர்மன்காரரின் விசிட்டிங் கார்டை மேசைமேல் வைத்தான்.

"பாய், புள்ளைக்கு இந்தப் பேருதான். ஒரு எழுத்து மாறக் கூடாது."

"ஏன்யா, சாமி பேரெல்லாம் தீந்து போச்சா?"

"அவுக இல்லேன்னா இந்தப் புள்ளையே ஏது பாய்? எங்க சித்தப்பனுக்கு, அவுக பொறந்தப்பப் பிரசவம் பாத்த டாக்டரு பேருதான். ஒதவுன மனுசன் பேர வைக்கிறது எங்க பக்கம் வழக்கம்."

"அது சரி, முன்னாடி 'ஜே'ன்னு இருக்கே?"

"அது அவுக அப்பா இனிஷியலு. ஜோக்கிம். நானே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னையிலருந்து வாரா வாரம் விசாரிப்பேன், ஜோக்கிம் நல்லா இருக்காகளான்னு. 'குட், குட்'ம்பாக. நல்ல ஆயுசு அந்தப் பெரியவருக்கு!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எத்தனை படிவம் அடித்து என்ன, நானும் தமிழன்தானே. முன்னால் நிற்பது அப்பன் எழுத்து, பின்னால் நிற்பது சொந்தப் பெயர். அடித்துக் கொடுத்தேன். சான்றிதழ் வந்தது: புருன்வார்ட் அம்மையப்பன் முனியசாமி. பிள்ளை, அப்பன், தாத்தா, மூன்று தலைமுறை ஒரே வரியில்.

இருபது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஜெர்மன்காரரே என் கடைக்கு வந்தார். ஓய்வு பெறுகிறாராம், சனிக்கிழமை விமானம், விசா கேன்சல் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டைப் பார்க்காமலே அவர் பெயரைச் சரியாக அடித்தேன். அவர் வியந்து போனார். "ஜெர்மனியிலேயே இதை ஒரே தடவையில் சரியாக எழுதுகிறவர்கள் கிடையாது. அபூர்வமான குடும்பப் பெயர். உலகத்தில் நாங்கள் நாலு பேர்தான் மிச்சம். எங்களோடு முடிந்தது" என்றார் ஆங்கிலத்தில்.

குடும்பப் பெயரா? பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். குடும்பப் பெயர்: புருன்வார்ட். பெயர்: ஜோக்கிம். யா அல்லாஹ்! அவர் வாசலைத் தாண்டியதும் போனை எடுத்தேன்.

"அம்மையப்பா, குடியக் கெடுத்தியே! ஜோக்கிம் அவரு அப்பா இல்ல, அவரேதான்! நீ வச்சிருக்கது ஒரு வம்சத்துப் பேரு. உலகத்துலயே நாலு பேருக்குத்தான் இருக்காம்!"

டூட்டி உடுப்போடு ஓடி வந்தான். முகம் செத்துப் போயிருந்தது. "சொத்துல பங்கு கேக்க வழி பண்றான்னு நெனப்பாகளோ பாய்?"

"நெனச்சா நான் என்ன செய்ய?"

"பேர மாத்திறலாமா?"

"மாத்தலாம். நாலு ஆபீசு ஏறி எறங்கணும். ஆனா அவரு சனிக்கிழமை போயிருவாரு. சொல்லாம விட்டா அவருக்கு எப்படித் தெரியும்?"

"வேணாம் பாய். சொல்லாம வச்சுக்கிட்டா அது களவாண்ட பேரு. எம்புள்ள களவாண்ட பேரோட வளரக் கூடாது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். சொல்லிருவேன். அவுக மொகம் சுருங்குச்சுன்னா, மறுநாளே மாத்திருவோம்" என்றான். அவனைத் திட்ட வேண்டும் என்று இருந்த எனக்கு, அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். ஆட்டுக்கறிக் குழம்பு, நெய்மீன் வறுவல், ரசம். ஜெர்மன்காரர் தரையில் காலை மடக்கத் தெரியாமல் மடக்கி, கையால் பிசைந்து, ரசத்தை இலை தாண்டி ஓடவிட்டு வெகு சந்தோஷமாகச் சாப்பிட்டார். அம்மையப்பனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. குழந்தையைத் "தம்பி", "தங்கம்", "ராசா" என்றெல்லாம் கூப்பிட்டான். பெயரை மட்டும் சொல்லவில்லை. "சொல்லுய்யா" என்று நான் இடித்தேன். "மோர் ஊத்துன பெறகு பாய்" என்றான். மோரும் ஊற்றியாயிற்று.

கடைசியில் அவரே கேட்டார், "குழந்தைக்கு என்ன பெயர்?"

அம்மையப்பன் என்னைப் பார்த்தான். நான் ரசத்தைப் பார்த்தேன். சந்தியாதான் தொட்டில் பக்கமிருந்து, "புருன்வார்ட்" என்றாள்.

"யெஸ்?" என்றார் அவர், தன்னைக் கூப்பிடுகிறாள் என்று.

"உங்களை இல்ல சார். இவனை" என்று சொல்லி, சான்றிதழை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அம்மையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "சாரி சார்! ஐ திங்க் யுவர் நேம் சார். ஜே ஃபாதர் நேம் திங்க்கிங்! நோ சொத்து சார், நத்திங் வாண்ட்! டுமாரோ சேஞ்ச்!" என்று கை கூப்பிவிட்டான். நான் குறுக்கே புகுந்து, எங்கள் வழக்கத்தில் முதல் எழுத்து அப்பாவுடையது, பெயர் ஆளுடையது, அதனால் வந்த வினை என்று விளக்கினேன்.

அந்தச் சிரிக்காத முகம் மெல்ல விரிந்தது. "ஓ! ஆறு வருடமாக இவர் என்னிடமே 'ஜோக்கிம் எப்படி இருக்கிறார்' என்று கேட்பார். உங்கள் நாட்டில் மரியாதையாக விசாரிப்பது அப்படித்தான் போல என்று நினைத்து, நன்றாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு விழித்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர் உடனே கண்ணாடியைப் போடவில்லை. அப்புறம்தான் சொன்னார். ஜெர்மனியில் மலையடிவாரத்தில் அவர் முன்னோரின் சின்ன ஊர், ஊருக்கு ஒரே கிணறு. கோடையில் தண்ணீருக்கு அடிதடி வந்ததால் மூடி போட்டுப் பூட்டி, சாவியை ஒரு ஆளிடம் கொடுத்தார்கள். விடிந்ததும் அவன் திறப்பான். முதல் வாளியைத் தானே குடித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் ஊருக்கு. அந்தக் கிணற்றுக் காவல்காரன்தான் புருன்வார்ட். முன்னூறு வருடமாகப் பெயர் வந்தது, எப்போதும் அதே ஒரு குடும்பம்தான். இப்போது இவர், பாதிரியாரான ஒரு தம்பி முறைக்காரர், பிள்ளை இல்லாத இன்னொருவர், தொண்ணூற்றொரு வயது அத்தை. இவருடைய மகள் கணவன் பெயருக்கு மாறிவிட்டாள். சுருக்கமாக இருக்கிறதாம்.

"மாற்றாதீர்கள்" என்றார் அம்மையப்பனிடம். "தயவுசெய்து மாற்றாதீர்கள்." அம்மையப்பன் அழுதே விட்டான்.

பிறகு சான்றிதழை மறுபடி பார்த்து, கொஞ்சம் வாடிப்போனார். "ஆனால் இங்கே இது இவன் சொந்தப் பெயர்தான், குடும்பப் பெயர் இல்லை. ஆக, இவனோடும் இது முடிந்துவிடும், இல்லையா?"

வாப்பா பெயரைச் சுமந்து திரிந்த இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு அந்தக் கட்டம் இனித்தது. பைக்குள் எப்போதும் காலிப் படிவம் இருக்கும். ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தேன். "சார், முப்பது வருடம் கழித்து இந்தப் பயலுக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது. பெயர் என்னவாகவும் இருக்கட்டும். என் கடையைப் போல ஒரு கடைக்கு வருகிறான். குடும்பப் பெயர் கேட்கிறார்கள். இவன் தலையைச் சொறிகிறான். கடைசியில் எதை எழுதுவான்?" பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: புருன்வார்ட்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்து யாரையோ வீடியோவில் அழைத்தார். திரையில் ஒரு கிழவி, வெள்ளை முடி, காதில் கருவி. அந்த அத்தைதான். அவர் ஜெர்மனில் என்னவோ சொல்லி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். கிழவி நம்பவில்லை. அவர் போனைத் தொட்டில் பக்கம் திருப்பினார். குழந்தை கொட்டாவி விட்டது. அந்தக் கிழவி போட்ட சத்தம் பக்கத்து பிளாட்டுக்கே கேட்டிருக்கும்.

அத்தையிடம் குடும்பக் குறிப்பேடு ஒன்று இருக்கிறதாம், அதில் இப்போதே எழுத வேண்டுமாம். குழந்தையின் அப்பா பெயரை எழுத்தெழுத்தாக நான்தான் சொன்னேன். 'அம்மையப்பன்' எழுதி முடிக்கக் கிழவி மூன்று தடவை அடித்துத் திருத்தினாள். படட்டும், நாங்கள் படாத பாடா! அடுத்த கட்டம், அப்பாவின் தொழில்.

ஜெர்மன்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், பாதியில் நிறுத்தினார். அம்மையப்பனைப் பார்த்தார். "தினமும் விடிந்ததும் வால்வைத் திறந்து..." என்று ஆங்கிலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "முதல் தண்ணீரைக் குடித்துப் பார்த்து... அதற்காக நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்!" பிறகு அத்தைக்கு அதை ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார்.

கிழவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மையப்பனைக் காட்டச் சொன்னாள். மோர் வழிந்த மீசையோடு அவன் திரையைப் பார்த்து, "வணக்கம் அத்தை, நல்லா இருக்கீகளா?" என்றான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து எழுதினாள்.

"என்னன்னு எழுதுனாக சார்?" என்று அம்மையப்பன் கேட்டான்.

"முதல் பக்கத்தில், முதல் ஆளுக்கு எழுதியிருக்கிறதையேதான்" என்றார் அவர். "கிணற்றுக் காவல்காரன்."